+0530: ஓர் எண்ணின் வரலாறு

இந்தியச் செய்தித்தளம் ஒன்று காலை பத்து மணிக்கு ஒரு செய்தியை வெளியிடுகிறது என்று கொள்வோம். அதன் செய்தியோடையில் அந்த நேரம் பதிவாகிறது. நேரத்தின் பின்னால் ஐ.எஸ்.டி. என்னும் மூன்றெழுத்துச் சுருக்கம் நிற்கிறது. கொல்கத்தாவிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் வாசகருக்கு அதில் ஐயம் எழாது. அந்த ஓடையை வாங்கிப் படிக்கும் மென்பொருள்களோ ஒரே விடையைத் தருவதில்லை. ஒன்று சரியாகக் காலை பத்து என்கிறது. இன்னொன்று பிற்பகல் ஒன்றரை என்கிறது. மூன்றாவது மாலை மூன்றரை என்கிறது. பிழைபட்ட இரண்டிலும் அச்செய்தி இன்னும் வராத ஒரு நேரத்தைத் தாங்கி நிற்கிறது. புதியது மேலே என்னும் விதிப்படி மணிக்கணக்கில் அது பட்டியலின் உச்சியில் அமர்ந்திருக்க, அதன்பின் வந்த செய்திகள் கீழே புதைந்துபோகின்றன.

இதை நிரலாளரின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மூன்று விடைகளுக்கும் எழுத்து வடிவிலான ஆதாரம் உண்டு. அந்த ஆதாரங்களைப் பின்தொடர்ந்தால் 1982ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கும், 1906ஆம் ஆண்டு பம்பாய்க்கும், 1802ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்துக்கும் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

செய்தியோடை என்பது ஒரு தளத்தின் அண்மைப் பதிவுகளைத் தலைப்பு, சுட்டி, சுருக்கம், நேரம் என்று எந்திரம் படிக்கத்தக்க வடிவில் அடுக்கித் தரும் கோப்பு. ஆர்.எஸ்.எஸ். என்னும் பெயரில் அறியப்படும் வடிவம் 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாயிற்று. உருவாக்கிய இருவரில் ஒருவர் டான் லிபி; மற்றவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இராமநாதன் குஹா. (இக்கதையில் சென்னைக்கு இருக்கும் பங்கு இதனினும் பழையது, அது பின்னர் வரும்.) அடுத்த சில ஆண்டுகளில் பல கிளைகளாகப் பிரிந்த இவ்வடிவம், 2002இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் ஓரளவு நிலைபெற்றது. நேரத்தை எப்படி எழுதுவது என்று அப்பதிப்பு புதிதாக எதையும் வகுக்கவில்லை. மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே இருந்த ஆர்.எஃப்.சி. 822 என்னும் ஆவணத்தைச் சுட்டிவிட்டு, ஆண்டை இரண்டு இலக்கத்திலோ நான்கு இலக்கத்திலோ எழுதலாம் என்ற ஒரு சலுகையோடு நிறுத்திக்கொண்டது.

இருபதாண்டுப் பழைமையுடைய அந்த ஆவணத்தை டேவிட் கிராக்கர் 1982 ஆகஸ்டில் தொகுத்தார். அப்போது இணையம் என்ற பொருளில் இருந்தது அர்பாநெட் என்னும் ஆய்வு வலையமைப்பு. அதில் இணைந்திருந்த கணினிகளுள் மிகப் பெரும்பாலானவை அமெரிக்காவிலேயே இருந்தன. நேரத்தின் இறுதியில் எழுதத்தக்க வலயப் பெயர்களை அந்த ஆவணம் பட்டியலிடுகிறது. உலக நேரம், கிரீன்விச் நேரம் ஆகிய இரண்டும் உண்டு. அவற்றுக்குப் பின் அமெரிக்கக் கிழக்கு, நடு, மலை, பசிபிக் வலயங்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் இயல்பு நேரம், கோடை நேரம் என இரண்டாக எட்டுச் சுருக்கங்கள். பெயர் சொல்லி அழைக்கப்பட்ட வலயங்கள் அவ்வளவே. டோக்கியோவுக்குப் பெயர் இல்லை, பாரிசுக்கு இல்லை, இந்தியாவுக்கும் இல்லை. பெயரற்றவர்கள் கூட்டல் அல்லது கழித்தல் குறியிட்டு நான்கு இலக்க எண்ணை எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஒரு வழியும் அதில் இருந்தது. இராணுவத்தினர் பயன்படுத்தும் ஓரெழுத்துக் குறிகள் அது. ஆங்கில நெடுங்கணக்கில் ஜே என்ற எழுத்தை விலக்கிவிட்டு எஞ்சிய இருபத்தைந்தும் இருபத்தைந்து வலயங்களுக்குப் பகிரப்பட்டன. எல்லாம் முழு மணிகள்; அரை மணிக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. அதிலும் ஆவணத்தைத் தொகுத்தபோது கூட்டலும் கழித்தலும் இடம் மாறி அச்சாகிவிட்டன. 1989இல் வந்த மற்றோர் ஆவணம் இப்பிழையைச் சுட்டி, எண்ணாகவே எழுதுங்கள் என்று அறிவுறுத்தியது. 2001இல் ஆர்.எஃப்.சி. 2822 வெளியானபோது எழுத்துப் பெயர்கள் அனைத்தும் வழக்கொழிந்தவை என்று ஒதுக்கப்பட்டன. எனினும் பழைய கோப்புகளைப் படிக்க வேண்டுமே என்பதற்காக ஒரு விதி சேர்க்கப்பட்டது: அமெரிக்க வலயங்களின் பெயர்களுக்கு முன்போலவே பொருள் உண்டு; பொருள் தெரியாத வேறு எழுத்துச் சுருக்கம் வந்தால், வேறு வழியில் உறுதிப்படுத்த இயலாதவிடத்து, அதைக் கழித்தல் சுழியம் என்று கொள்க.

கழித்தல் சுழியம் என்பது கணிதத்தில் பொருளற்றது. இங்கு அதற்குக் குறிப்பான பொருள் உண்டு: நேரம் கிரீன்விச் கணக்கில் உள்ளது, எழுதியவரின் ஊர் நேரம் என்னவென்று சொல்வதற்கில்லை. மாலை மூன்றரை என்று காட்டிய மென்பொருள் இவ்விதியைப் பின்பற்றியது. ஐ.எஸ்.டி. என்னும் சொல்லுக்குப் பொருள் தெரியாததால் காலைப் பத்தை கிரீன்விச்சின் பத்தாகக் கொண்டு, ஐந்தரை மணியைக் கூட்டியது. விதியின்படி அது செய்தது பிழையன்று.

பிற்பகல் ஒன்றரை என்ற விடையின் மூலம் வேறு. ஐ.எஸ்.டி. என்பது இந்தியாவின் தனியுரிமை அன்று. இஸ்ரேலின் நேரமும் அயர்லாந்தின் நேரமும் அதே மூன்றெழுத்தால் சுட்டப்படுகின்றன. பரவலாகப் புழங்கும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் தன் இயல்பு நிலையில் ஐ.எஸ்.டி.யை இஸ்ரேல் நேரமாகவே எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரம் வேண்டுவோர் சுருக்கப் பட்டியலை இந்தியா என்ற பெயருடைய தொகுதிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஜாவா மொழியோ தன் பழைய மூன்றெழுத்துப் பெயர்களுள் ஐ.எஸ்.டி.யை இந்தியாவுக்குத் தந்திருக்கிறது. முதல் மென்பொருளின் சரியான விடை அவ்வகையைச் சேர்ந்தது. ஒரே குறி, மூன்று அகராதிகள். மொழியியல் மாணவருக்கு இது புதிய நிலைமை அன்று: ஒரு சொல்லின் பொருள் அச்சொல்லில் இல்லை, அதைப் பயன்படுத்தும் சமூகத்தில் இருக்கிறது. இங்கு அச்சமூகத்தில் இடம்பெறாதவர்களுக்குப் பெயர் மறுக்கப்பட்டு எண் தரப்பட்டது என்பதே வேறுபாடு.

இன்னொரு செய்தியும் இவ்விடத்தில் குறிக்கத்தக்கது. வலயத்துக்கு எண் வந்துவிட்ட பின்னும் கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கங்களாகவே நீடிக்கின்றன. ஒரு செய்தித்தளம் முழுக்கத் தமிழில் இருக்கலாம். அதன் ஓடையில் திங்கட்கிழமையும் தை பிறக்கும் ஜனவரியும் மூன்றெழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். வழங்கியின் மொழியமைப்பைத் தமிழுக்கு மாற்றி, நிரல் அதைக் கேட்டு நடந்து, கிழமையைத் தமிழில் எழுதிவிட்டால், படிக்கும் மென்பொருள் அந்த நேரத்தை அறியாமல் தவறவிடும். 2005 டிசம்பரில் வந்த ஆட்டம் என்னும் மாற்று வடிவம் மாதத்தையும் எண்ணாக்கிக் கிழமையை நீக்கி இச்சிக்கலைத் தீர்த்தது. அதிலும் இந்தியா +05:30 தான்.

அந்த ஐந்தரை எங்கிருந்து வந்தது?

1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகத்தை நிறுவியது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், கட்டடம் போன பின்னும், வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும் கல்வெட்டு உண்டு. அங்குப் பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார்: 80 பாகை, 18 கலை, 30 விகலை. அதன்படி சென்னையின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது. அக்கணிப்பின் உடனடிப் பயன் நில அளவைக்கும் கடற்பயணத்துக்கும்தான். ஊர் நேரம் ஊருக்குள் இருந்தது; அடுத்த ஊரின் நேரத்தோடு அதை ஒப்பிட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

இருப்புப்பாதையும் தந்தியும் அத்தேவையைக் கொண்டுவந்தன. பம்பாய் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முன்னால். கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம் முன்னால். இரு நகரங்களுக்கும் இடையே ஒரு மணிக்கு மேல் வேறுபாடு. இடையில் நின்றது சென்னை: பம்பாய்க்கு ஏறத்தாழ 30 நிமிடம் முன்னும், கல்கத்தாவுக்கு 32 நிமிடம் பின்னும். நேரத்தைக் கணிக்க ஒரு வானாய்வகமும் அதை அனுப்பத் தந்திக் கம்பியும் அங்கிருந்தன. 1870 அளவில் இந்திய இரயில்வேயின் பொது நேரம் சென்னை நேரமாயிற்று. இரண்டு பெரிய நகரங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு மனக்குறை என்பதும் இத்தேர்வின் தகுதிகளுள் ஒன்று எனலாம்.

மனக்குறையைப் பம்பாய் மறைக்கவில்லை. 1881இல் ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்குசனின் அரசு பம்பாயின் அலுவலகங்களில் சென்னை நேரத்தைப் புகுத்த முயன்றது. நகரம் எதிர்த்தது, பல்கலைக்கழகம் தன் இராஜாபாய் கோபுரக் கடிகாரத்தைப் பம்பாய் நேரத்திலேயே ஓடவிட்டது. 1883இல் அரசு பின்வாங்கியது. அரை மணிநேரத்துக்காக ஒரு மாநகரம் அரசோடு மல்லுக்கட்டியது என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். தொழுகைக்கும் பூசைக்கும் கடை திறப்புக்கும் சூரியனையே கணக்காகக் கொண்டிருந்த மக்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க முடியாது.

1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச்சை முதன்மைத் தீர்க்கரேகையாக ஏற்ற பிறகு, 21 நிமிடம் 14 நொடி என்பது போன்ற உதிரிகள் உறுத்தத் தொடங்கின. நிலவியல் ஆய்வுத்துறையின் ஆர்.டி. ஓல்ட்ஹாம் 1899இல் இந்தியாவுக்குப் பொது நேரம் வேண்டும் என்று வங்காள ஆசியக் கழகத்தில் வாதிட்டார். 1897ஆம் ஆண்டின் அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவரும் அவரே; ஊருக்கு ஊர் வேறுபட்ட கடிகாரங்களைக் கொண்டு ஓர் அதிர்வலையைப் பின்தொடர்வது எத்தகைய வேலை என்பதை அவரைக் காட்டிலும் அறிந்தவர் அன்று குறைவு. முடிவில் 82½ பாகைத் தீர்க்கரேகை தேர்ந்தெடுக்கப்பட்டது. பாகைக்கு நான்கு நிமிடமாக அது ஐந்தரை மணியைத் தரும். 1905 ஜூலை 1 முதல் இரயில்வேக்கும் தந்திக்கும், 1906 ஜனவரி 1 முதல் பொதுவாகவும் அது நடைமுறைக்கு வந்தது.

சென்னையின் கடிகாரம் ஒன்பது நிமிடம் நகர்ந்தால் போதுமானதாக இருந்தது. பம்பாயினது 39 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. கல்கத்தாவினது ஏறத்தாழ 23 நிமிடம் பின்னே இழுக்கப்பட்டது. 1906 ஜனவரியிலேயே பம்பாயின் ஆலைத் தொழிலாளர் ஒரு பகுதியினர் வேலையை நிறுத்திப் போராடினர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அரசு புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் அதை ஐயத்தோடு நோக்கும் சுதேசிக் காலம் அது. பம்பாய் மாநகராட்சி தன் கடிகாரங்களைப் பழைய நேரத்துக்கே திருப்பிவைக்க வாக்களித்து, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அதைக் கைவிடாதிருந்தது. கல்கத்தா 1948 செப்டம்பர் வரை தன் நேரத்தை வைத்திருந்தது. 1947 ஆகஸ்டில் விடுதலை பிறந்த நள்ளிரவு இந்தியப் பொது நேரத்தின் நள்ளிரவு. அக்கணத்தில் கல்கத்தா நேரத்தைக் காட்டிய கடிகாரத்தில் மணி பன்னிரண்டைக் கடந்து 23 நிமிடம். பம்பாய் நேரத்தைக் காட்டியதில் இன்னும் பதினான்காம் தேதி, இரவு 11 மணி 21 நிமிடம்.

இத்தனை சச்சரவும் இன்று ஒரு கோப்பில் பதிவாகியிருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, பின்னர் பால் எகர்ட் பேணிவரும் நேர வலயத் தரவுத்தளம், உலகின் பெரும்பாலான கணினிகளிலும் கைப்பேசிகளிலும் உள்ளுறைந்திருக்கிறது. ஒவ்வொரு வலயத்துக்கும் அதில் கண்டத்தின் பெயரும், பொதுவாக அவ்வலயத்தின் மக்கள்தொகை மிகுந்த நகரின் பெயரும் சூட்டப்படும். இந்தியாவுக்குக் கிடைத்த பெயர் ஏசியா/கல்கத்தா. பொது நேரத்தை நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஏற்காதிருந்த நகரத்தின் பெயரே எந்திரங்களில் அந்நேரத்தின் பெயரானது! 2001இல் நகரின் பெயர் ஆங்கிலத்திலும் கொல்கத்தா என்று மாறியது. தரவுத்தளம் 2008இல் மாறியது. பழைய பெயர் மாற்றுப்பெயராக நீடிப்பதால் பல மென்பொருள்கள் இன்னும் கல்கத்தா என்றே விடையளிக்கின்றன. அப்பதிவைத் திறந்தால் கல்கத்தா நேரம், 1870 முதல் சென்னை நேரம், 1906 முதல் ஐந்தரை என்று வரிசையாகக் காணலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியா ஆறரையாக இருந்ததும் அதில் உண்டு.

எண் மட்டும் போதாது, இடப்பெயரும் வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். இலங்கை 1996 மே மாதத்தில் ஐந்தரையிலிருந்து ஆறரைக்கும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கும், 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கும் மாறியது. அப்பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் ஐந்தரையிலேயே நின்றன. ஒரே தீவில் எல்லைச் சாவடியைக் கடந்தால் கடிகாரமும் மாறிய காலம் அது. 2002ஆம் ஆண்டு கொழும்புச் செய்தி ஒன்றையும் கிளிநொச்சிச் செய்தி ஒன்றையும் நேர வரிசையில் அடுக்க முற்படும் ஆய்வாளர், ஏசியா/கொழும்பு என்னும் பெயரை மட்டும் நம்பினால் அரை மணி பிசகுவார்.

இந்தியச் செய்தியோடைகளை ஆய்வுத் தரவாகக் கொள்வோருக்கு இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் போன்ற பதிப்பு மென்பொருள்கள் ஓடையில் நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்றி +0000 என்று எழுதுகின்றன. கணம் மாறாது, கிழமையும் தேதியும் மாறும். 2019 ஜனவரி 15, பொங்கலன்று அதிகாலை மூன்று மணிக்கு வெளியான செய்தி ஓடையில் 14ஆம் தேதி இரவு 21:30 என்று பதிவாகும். நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையே வெளியாகும் யாவும் இவ்வாறு முந்தைய நாளுக்குச் சென்றுவிடும். தேர்தல் முடிவு, தீர்ப்பு, கலவரம், மரணம் எதுவாயினும், நாள்வாரியாகச் சொற்களை எண்ணுபவர் வலயத்தைப் பாராமல் தேதியை மட்டும் வெட்டியெடுத்தால், நிகழ்வுக்கு முந்தைய நாளிலேயே அதைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டதாக ஒரு கண்டுபிடிப்பைச் செய்துவிட வாய்ப்புண்டு. 1947 ஆகஸ்ட் 15இன் முதல் கணமும் இக்கணக்கில் 14ஆம் தேதி மாலை ஆறரைதான். தரவைத் திரட்டும்போதே மூல நேர முத்திரையை எண்ணோடு அப்படியே காத்துவைப்பதும், எண்ணுமுன் அதை ஊர் நேரத்துக்கு மாற்றுவதும் பெரிய உழைப்பன்று. ஓடையே உலக நேரத்தில் இருக்குமானால் எழுதியவரின் கடிகாரம் என்ன காட்டியது என்பது வேறெங்கேனும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்; அதை முத்திரையிலிருந்து மீட்க இயலாது.

தரவுத்தளத்தில் இடம்பெறாத நேரமும் இந்தியாவில் உண்டு. நாட்டின் மேற்கு முனைக்கும் கிழக்கு முனைக்கும் இடையே ஏறத்தாழ 29 பாகை. சூரியக் கணக்கில் அது இரண்டு மணிநேரத்துக்குச் சற்றே குறைவு. அசாமின் தேயிலைத் தோட்டங்கள் விடியலை வீணாக்காதிருக்கப் பொது நேரத்துக்கு ஒரு மணி முந்திய தோட்ட நேரத்தை வெள்ளையர் காலம் முதல் வைத்திருக்கின்றன. பாகான் டைம் என்பது அதன் வழக்குப் பெயர். 2018இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் கரண்ட் சயின்ஸ் இதழில், வடகிழக்குக்கு ஆறரை மணி வலயம் ஒன்றைத் தனியே தரலாம் என்று முன்மொழிந்தனர். இரண்டு வலயங்களுக்கும் அவர்கள் சூட்டிய பெயர் ஐ.எஸ்.டி. ஒன்று, ஐ.எஸ்.டி. இரண்டு. அம்முன்மொழிவு சட்டமாகவில்லை. தோட்டத்து மணி எட்டு என்று அடிக்கும்போது தொழிலாளியின் கைப்பேசி ஏழு என்று காட்டுகிறது; அந்நேரத்தில் அவர் படிக்கும் செய்தியின் முடிவில் இருப்பது +0530.